சீசனுக்கு வாங்க, சார்!

போன வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு இசக்கியம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பழுப்பு உறை. முந்தின நாள் சாயங்காலம் தலையாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போன உத்தரவு.

"வாசிங்க அண்ணாச்சி. தமிழ்லதான் இருக்கு. ஆனா என்ன இருக்குன்னுதான் தெரியல."

வாசித்தேன். மூன்று பக்கம். முதல் பக்கம் முழுக்கக் கடித எண்கள். இரண்டாம் பக்கத்தில் இசக்கியம்மாள் கேட்டதும் எதிர்த்தரப்பு சொன்னதும். மூன்றாம் பக்கத்தில் முடிவு.

'மேற்படி கிணற்றினை நேரில் பார்வையிட்டதில் போதுமான நீர் இருப்பதும், மனுதாரரின் தென்னைகள் பசுமையாக இருப்பதும் காணப்பட்டது. எனவே நீர்ப் பங்கீடு தொடர்பாகப் பிணக்கு ஏதும் இருப்பதாகக் கருத இயலவில்லை.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிணக்கு இல்லையா? ஒரு வருடமாக நாங்கள் அலைந்தது எதற்காம்?

அடுத்த வரி அதைவிட மோசம்.

'மனுதாரர் தரப்பினர் கேட்டுக்கொண்டதற்கிணங்கவே நேரடி ஆய்வு சாரல் காலத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.'

"நம்ம தரப்புலயா?" இசக்கியம்மாள் நிமிர்ந்தார். "யாரு கேட்டா?"

"பொய்!" என்றேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். "அப்பட்டமான பொய். இதைச் சும்மா விடக்கூடாது!"

"கோவப்படாதீங்க. உங்க டைரியப் பாருங்க. நீங்கதான் கொட்டாவி விட்டதக்கூட எழுதி வைப்பியளே."

நியாயமான யோசனை. டைரியைப் பிரிப்பதற்கு முன் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆய்க்குடிக்குப் பக்கத்தில் எனக்கு நாற்பது சென்ட் தரிசு உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. அதனால் அடுத்த தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். நாற்பத்திரண்டு படிகள் உள்ள பழைய கிணறு. தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணி டைரியில் எழுதுவேன். ஏன் என்று கேட்காதீர்கள். எண்ணக்கூடியதை எண்ணாமல் விட எனக்கு வராது.

கிணறு இரண்டு பேருக்குப் பொது. ஒருவர் இசக்கியம்மாள். கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. மற்றவர் கணவருடைய சித்தப்பா மகன் ஆறுமுகம். ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. பாகப் பத்திரத்தில் பளிச்சென்று எழுதியிருக்கிறது.

ஆனியிலிருந்து தை வரைக்கும் தகராறே இல்லை. தண்ணீர் தளும்பும்போது யார் முறை என்று யார் கேட்கப்போகிறார்கள்? மாசி பிறந்து படிகள் தெரியத் தொடங்கியதும் மோட்டார் அறைச் சாவி ஆறுமுகத்தின் இடுப்பில் ஏறிவிடும்.

"தண்ணி ஊறட்டும் மதினி. ஊறின பொறவு போடலாம்" என்பார். ஊறியதும் அவரே போட்டுக்கொள்வார்.

"ஏலே ஆறுமுகம், ஒனக்கு மட்டும் ஊறுத கெணறாலே இது?" என்று இசக்கியம்மாள் வரப்பில் நின்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

இசக்கியம்மாளுக்கு இருந்தவை முப்பத்து நான்கு தென்னைகள். வேறு வருமானம் கிடையாது. தென்னை ஒரே நாளில் சாகாது. முதலில் குரும்பை கொட்டும். அப்புறம் மட்டை தொங்கும். அப்புறம் ஒரு நாள் கொண்டை சாயும். ஒரே கோடையில் ஐந்து மரங்கள் அப்படிப் போயின. மிச்சம் இருபத்தொன்பது.

அடுத்த கோடைக்கு முன்னால், அதாவது போன வருடம் மார்ச் மாதத்தில், மனு கொடுத்தோம். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. இசக்கியம்மாளின் முறை நாளில் சாவியை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அதிகாரிகளிடம் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்.

அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர். தங்கமானவர். உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார். "நான் நேர்ல வந்து பார்க்கணும். பார்த்துட்டுதான் முடிவு பண்ண முடியும்" என்றார். இதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியுமா?

அவர் வந்தது ஆகஸ்டில்!

நடுவில் ஏப்ரல் போயிற்று, மே போயிற்று, ஏழு மரங்கள் போயின. ஜூலையில் இரண்டு முறை தேதி சொல்லி இரண்டு முறையும் தள்ளிவைத்தார்கள். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று நாற்பதுக்கு, குற்றாலம் ஐந்தருவியிலிருந்து நேராக ஜீப் வந்தது. அதிகாரியின் தலை இன்னும் காயவில்லை. எண்ணெய் வாசனை. பின் சீட்டில் ஈரத்துண்டு விரித்திருந்தது.

ஆறுமுகம் ஓடிப்போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். இசக்கியம்மாளின் மரத்திலிருந்து!

அதிகாரி கிணற்றை எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா! எங்க ஊர்ல இப்படி ஒரு கிணறு இருந்தா நான் வேலைக்கே வந்திருக்க மாட்டேன்."

"இப்பம் தண்ணி கெடக்கும் சார்" என்றார் இசக்கியம்மாள். "சித்திரையில வந்து பாருங்க. தவளகூட வேற கெணத்துக்குக் குடி போயிரும்."

"மதினிக்கு எப்பவுமே தமாசுதான்" என்றார் ஆறுமுகம்.

நான் டைரியை நீட்டினேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு, முப்பத்தொன்பது படிகள் தெரிந்தன என்று எழுதிய பக்கத்தைத் திறந்துதான் கொடுத்தேன். அவர் ஆர்வமாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே போய் அந்த வாரத்துப் பக்கத்தில் நின்றார்.

"நீங்களே எழுதியிருக்கீங்களே சார். மூணு படின்னு."

"அது ஆகஸ்ட் சார்."

"நான் பார்க்கிறதும் ஆகஸ்ட்தானே?"

இதற்கு என்ன பதில்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். மரங்கள் செத்த இடங்களில் மழைக்குப் புல் மண்டிக் கிடந்தது. அதையும் பார்த்து, "என்ன பசுமை!" என்று சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

அந்த ஜீப் கொண்டுபோன முடிவுதான் ஆறு மாதம் கழித்துப் பழுப்பு உறையில் வந்திருந்தது.

இப்போது டைரிக்கு வருவோம்.

போன வருடத்து மார்ச்சைப் பிரித்தேன். அலுவலகம் போன நாள் கிடைத்தது. என் கையெழுத்து. நீல மை. நேரம் உட்பட எல்லாம் இருந்தது. கடைசி நான்கு வரிகளை இங்கே அப்படியே தருகிறேன்.

'12.05-க்கு எழுந்தோம். குற்றாலம் இன்னும் பார்க்கவில்லை என்றார். சீசனுக்கு வாங்க சார், குளிச்சிட்டு அப்படியே நம்ம கிணற்றையும் பார்த்துடலாம் என்றேன். சிரித்தார். காலண்டரைப் புரட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.'

மறுபடியும் வாசித்தேன். அதேதான்.

தென்காசிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விழுந்து அருவி கொட்டும் காலம்தான் குற்றாலத்தில் சீசன். 'சீசனுக்கு வாங்க' என்பதற்கு எங்கள் ஊரில் அர்த்தமே கிடையாது. போயிட்டு வாரேன் என்பது போல ஒன்று. பல் பிடுங்கிய டாக்டரிடம் சொல்வோம். ரயிலில் எதிர்சீட்டில் உட்கார்ந்தவரிடம் சொல்வோம். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போனில் கேட்ட பெண்ணிடம்கூட நான் சொல்லியிருக்கிறேன். பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியிலேயே உங்களை எத்தனை தடவை அழைத்திருப்பேன்!

அந்த ஒரு உபசார வார்த்தை கோப்புக்குள் போயிருக்கிறது. உள்ளே போய் 'மனுதாரர் தரப்பின் கோரிக்கை' ஆகிவிட்டது. நான் எப்போது தரப்பானேன்? அங்கே நாற்காலியில் உட்கார்ந்தேனே, அப்போதே ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, பேச்சையே காணோம்? யாருன்னு இருக்கா?"

மறைத்திருக்கலாம். எழுதவில்லை என்று டைரியை மூடியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் எழுதியது எதற்கு? அந்த நான்கு வரிகளையும் சத்தமாகப் படித்தேன்.

இசக்கியம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்களா?"

தலையை ஆட்டினேன்.

உத்தரவை மடித்து உறைக்குள் வைத்தார். அப்புறம் சொன்னார்:

"ஆறுமுகம் சாவியத்தான் எடுத்தான் அண்ணாச்சி. நீங்க கோடையவே எடுத்துட்டியள."

வாழ்நாளில் என்னை யாரும் இப்படி அடித்ததில்லை. அவர் குரலை உயர்த்தவும் இல்லை.

"ஏழு மரம்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு ஜூலைப் பக்கங்களைப் பார்த்தேன். ஆய்வைத் தள்ளிவைத்த இரண்டு நாள்களிலும் வானிலைப் பகுதியில் ஒரே குறிப்பு: 'அருவிகளில் வெள்ளம். குளிக்கத் தடை.' எழுதியவன் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இத்தனை மாதம் பிடித்திருக்கிறது!

உத்தரவின் கடைசி வரியில், வேண்டுமானால் நீதிமன்றத்தை அணுகலாம் என்று இருந்தது. வக்கீல் நண்பர் ஒருவருக்குப் போன் போட்டேன்.

"தாராளமாப் போடலாம்வே" என்றார். "கிணத்தைப் பார்த்து ரிப்போர்ட் குடுக்கதுக்குக் கோர்ட்ல ஒரு கமிஷனரைப் போடுவாக."

"அவர் எப்போ வருவார்?"

"இப்பம் மனு போட்டா, எதிர்த்தரப்பு பதில் சொல்ல ரெண்டு வாய்தா. மே மாசம் கோர்ட்டு லீவு. ஜூன்ல தொறந்ததும் கேப்போம். ஜூலை, ஆகஸ்ட்ல வந்து பாத்துருவாரு."

"ஜூலை, ஆகஸ்ட்லயா?"

"ஆமாவே. அப்பந்தான..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது. சீசன்!

யோசித்துப் பாருங்கள். தண்ணீர் வற்றும்போது கோர்ட்டுக்கு விடுமுறை. ஆபீசில் ஜமாபந்தி என்னும் கிராமக் கணக்குத் தணிக்கை, வரவுசெலவு முடிப்பு, டிரான்ஸ்பர். தண்ணீர் தளும்பும்போது எல்லாரும் வந்து கிணற்றைப் பார்க்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் கோடை என்ற ஒன்று படவே படாது. வற்றாத கிணற்றுக்கு யாராவது வழக்குப் போடுவார்களா என்று கேட்கவும் அங்கே ஆள் இல்லை.

இதில் என்னைக் கலங்கடித்தது இன்னொன்று. உத்தரவில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அன்று தண்ணீர் இருந்தது. மரங்கள் பச்சையாக இருந்தன. தரப்பு கேட்டுக்கொண்டது. யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டோம். அதிலேயே ஏழு மரங்கள் செத்துவிட்டன.

வெள்ளிக்கிழமை காலையில் இசக்கியம்மாளிடமிருந்து போன் வந்தது. பேசமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

"மேல அப்பீல் போடலாம்லா? எழுதித் தாங்க. எழுத்துல நீங்க ஒழுங்கு. பேச்சுதான்..." போனை வைத்துவிட்டார்.

எழுதினேன். திங்கட்கிழமை மேலதிகாரியைப் பார்க்கப் போனோம். பெண் அதிகாரி. இவரும் வெளி மாவட்டம். இவரும் உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

"நானே நேர்ல வந்து பார்க்கிறேன்மா. எப்ப வரலாம்?"

என் வாய் தானாகத் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பழக்கம் அப்படி! இசக்கியம்மாளின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. வளையல் அழுந்தின தடம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

"சித்திரை கடைசியில வாங்க மேடம்" என்றார் அவர். "அருவியில வெறும் பாறைதான் தெரியும். குளிக்க ஒரு சொட்டு இருக்காது. வெயில் மண்டையப் பொளக்கும். கெணத்துல நாப்பது படி தெரியும். அப்பம் வாங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஓர் அழைப்பு அவருக்கு இதுவரை வந்திருக்காது.

காலண்டரைப் புரட்டினார். "மே வந்துட்டா ஜமாபந்தி வேலை வந்துடுமே..."

என் மணிக்கட்டில் பிடி இன்னும் இறுகியது.

"சரி, ஏப்ரல் கடைசி சனிக்கிழமை வர்றேன்."

"அத மனுதாரர் தரப்பு கேட்டுச்சுன்னு எழுதிக்கிடுங்க மேடம்" என்றார் இசக்கியம்மாள். "தரப்புன்னா நான் மட்டுந்தான். இவுக சும்மா கூட வந்தவுக."

அதிகாரி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மேசையின் இந்தப் பக்கமிருந்து தலைகீழாக வாசித்தேன். தேதி சரியாக இருந்தது.

கிணற்றில் இப்போது பதினான்கு படிகள் தெரிகின்றன. மரங்கள் இருபத்திரண்டு. சாவி ஆறுமுகத்தின் இடுப்பில்.

அன்று ஆபீஸ் படி இறங்கும்போது இசக்கியம்மாள் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, அவுக வந்து பாத்துட்டுப் போறது வரைக்கும் நீங்க யாரையும் எங்கயும் கூப்பிடாதீங்க."

எனவே, குற்றாலத்துக்கு எப்போது வரலாம் என்று கேட்டு எழுதியிருக்கும் வாசகர்கள் மன்னிக்கவும். எனக்கு உத்தரவு அப்படி — இதற்கு அப்பீலும் கிடையாது!