நர்சம்மா வீட்டுக் கைப்பிடி அரிசி

திங்கட்கிழமை காலையில் மட்டும்தான் அந்த டப்பா சத்தம் போடும். முந்தின நாள் வேதக்கோயிலில் காலி செய்து கொண்டுவந்திருப்பார்கள் என்பதால், உலை வைத்த கையோடு நர்சம்மா அள்ளிப் போடும் முதல் பிடி அரிசி தகரத்தின் அடியில் சடசடவென்று விழும். அதற்குப் பிறகு வாரம் முழுக்க விழுகிற அரிசி ஓசையில்லாமல் போய்விடும். எங்கள் வீட்டுக்கும் நர்சம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எழுபதுகளின் கடைசியில், ஆரணியில், அப்பா தறியில் இறங்குவதற்கு முன்பே என்னை எழுப்பிவிட்டது அந்தச் சத்தம்தான்.

அதற்குக் "கைப்பிடி அரிசி" என்று பெயர். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்து ஞாயிறு ஆராதனையில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதை விற்று, வடக்கே ஏதோ மலையில் ஊழியம் செய்கிறவர்களுக்குப் பணம் அனுப்புவார்கள். அரிசியே ரயிலேறிப் போகிறதென்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த மலையில்தான் நர்சம்மாவின் தங்கையும் தங்கை புருஷனும் இருந்தார்கள். அங்கே பள்ளிக்கூடம் இல்லையென்று, என் வயதுள்ள தங்கள் ஒரே மகள் ரூபியை நர்சம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

ரூபி அந்த மலை ஜனங்களோடே வளர்ந்தவள். அவர்கள் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழில்தான் தடுக்கி விழுவாள். தெருப்பிள்ளைகள் "காட்டுக்காரி" என்று கூப்பிட்டார்கள். நர்சம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி விழும் நாட்களில் அவளுக்குச் சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான். ஒருவருக்கொருவர் சடை பின்னிவிட்டு இருவரும் ஒரே பாயில் படுப்போம். முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் செய்வாள். அது முடியும்வரை என் அம்மா குழம்புக் கரண்டியோடு பொறுமையாகக் காத்திருப்பார், எங்களுக்கெல்லாம் அந்தப் பொறுமையைக் காட்டியதே கிடையாது.

அம்மாவுக்கு ரூபி மேல் எவ்வளவு பிரியமோ, அவளைப் பெற்றவர்கள் மேல் அவ்வளவு கோபம். "பெத்த பொண்ண இங்க வுட்டுட்டு ஊரு புள்ளைங்கள தூக்கி வச்சிகினு இருக்கறாங்க, இது இன்னா ஞாயம் நர்சம்மா?" என்று கேட்பார். நர்சம்மா அரிசி களைந்துகொண்டே இருப்பார்.

ஒரு கோடையில் ரூபியின் அப்பா மட்டும் வந்தார், கோயிலில் படம் காட்டி அந்த மலையைப் பற்றிப் பேசுவதற்காக. அவரோடு திரும்பிப் போய்விடுவதென்று ரூபி முடிவு கட்டி, துணிமணிகளை ஒரு ஜவுளிக்கடைப் பையில் திணித்து எங்கள் தறிக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள். எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் போய்விடுவாளே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஜன்னல்களில் ஜமுக்காளம் தொங்கவிட்டு, சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் படம் காட்டினார்கள். சும்மா படம் பார்க்கிற ஆசையில் அம்மாவும் நானும் போயிருந்தோம். குடிசைகள், ஓடை, கூடையோடு பெண்கள் என்று படங்கள் மாறிக்கொண்டே போக, ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "ஸ்தோத்திரம்" சொன்னது. பிறகு ஒரு படத்தில் ரூபியின் அம்மா வந்தார், இடுப்பில் ஒரு மலைக் குழந்தையோடு. "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்க" என்றார் ரூபியின் அப்பா. "வளரும், வளரும். யாரு ஊட்டறாங்கன்னு கேக்க மாட்டாரா" என்று அம்மா என் காதோடு முணுமுணுத்தார்.

ரூபி எழுந்து நின்று, "புத்னி" என்றாள். அது அந்தக் குழந்தையின் பெயர். பிறகு மலைப் பாஷையில் அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அவரும் அதே பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார். அந்த ஜனத்துக்காக வாரம் தவறாமல் ஜெபம் செய்து அரிசி கொட்டிய அத்தனை பேரில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. அடுத்த படம் வர வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டார்: "அப்பாவ இன்னாம்மா கேட்ட?"

"புத்னி ராத்திரில எங்க படுக்கறான்னு கேட்டேன், அத்தே."

"அதுக்கு?"

"அம்மா பக்கத்துல, என் எடத்துலன்னு சொன்னாரு. புத்னிக்கு அம்மா இல்ல."

வீட்டுக்கு வந்ததும் ரூபி தறிக்கடியிலிருந்து பையை இழுத்து, பாவாடைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்து, பழையபடி கொடியில் போட்டாள். சாயங்காலம் அவள் அப்பா தனியாக பஸ் ஏறினார். அவள் போகவில்லை என்று எனக்கு உண்டான சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தவித்தேன்.

மறுநாள் காலை டப்பா இரண்டு தடவை சத்தம் போட்டது. எட்டிப் பார்த்தேன். நர்சம்மாவின் அடுப்படியில், டப்பா பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். "சாமிக்கெல்லாம் இல்ல நர்சம்மா" என்றார். "அந்தப் புத்னிக்கு."

அம்மாவும் நர்சம்மாவும் இன்று இல்லை. தெருவெல்லாம் பவர்லூம், பக்கத்து வீட்டில் பாத்திரமே விழுந்தாலும் காதில் விழாது. ரூபி வேலூரில் இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள். போன மாதம் வந்திருந்தபோது, அந்த மலைப் பாஷையில் ஏதாவது பேசேன் என்றேன். எல்லாம் மறந்துவிட்டது, ஒரே ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது என்று சொல்லி, அதைக் கேட்டுக் காட்டினாள். அதில் புத்னி என்ற பெயர் மட்டும் எனக்குப் பிடிபட்டது. நான் அர்த்தம் கேட்கவில்லை. அவள் படுக்க என் பக்கத்தில் பாயை விரித்தேன்.