நைனா மேல போட்ட கயிறு

நைனா செத்து மூணு மாசம்கூட ஆவல. அவரு பாட்டன் வழியா வந்த, பயிர் வைக்கற கொல்லையிலதான் அவர பொதச்சோம். நான் ஒரே பொண்ணு, அந்தக் கொல்ல எனக்குத்தான். அப்ப எனக்கும் என் ஊட்டுக்காரனுக்கும் செஞ்சி கோர்ட்டுல விவாகரத்து கேசு ஓடிக்கினு இருந்துச்சு. கொல்லையில பாதி குடுத்தாத்தான் கையெழுத்து போடுவேன்னு நின்னான்.

வக்கீலம்மாவுக்கு போன் போட்டேன். "அது உங்க அப்பா வழி சொத்தும்மா. உங்க வீட்டுக்காரருக்கு அதுல ஒரு சாண்கூட கெடையாது, குடுக்காத"ன்னாங்க. புரிஞ்சுது. ஆனா நைனா போனதுலேர்ந்து சண்ட போட எனக்குத் தெம்பே இல்ல. நைனா படுத்திருக்கற பக்கம் எனக்கு இருந்தா போதும், வந்து அளந்துக்கோன்னுட்டேன்.

அவன், அவன் அண்ணன், தாய்மாமன் மூணு பேரும் வந்தாங்க. ரோட்டுப் பக்கம் அவனுக்கு வேணுமாம். குறுக்க கயிறு கட்டனானுங்க. அது நேரா நைனா வயித்து மேல போவுது.

"இன்னாமே பாக்கற? தல ஒம் பக்கம்தான இருக்குது"ன்னான்.

"காலு?"

"காலு எம் பக்கம் இருந்தா இருந்துட்டுப் போவட்டும். நான் இன்னா பண்ணப் போறன்?"

மாமன்காரரு பொறுமையா எனக்கு வெளக்கனாரு. "படையலு தலமாட்டுலதான வைக்கப் போறம்மா. உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

சரி, கயிறு போற எடத்துல நடுவுல மொளக்குச்சி அடிங்கன்னு நான் சொன்னா ஒருத்தரும் சுத்தியத் தொடல. அண்ணன்காரன் பொண்டாட்டி முழுவாம இருக்குறாளாம், அஞ்சு மாசமாம், பொணம் பொதச்ச எடத்துல அவன் கை வைக்கக் கூடாதாம். மாமன் கோயிலுக்கு மால போட்டிருக்காராம். என் ஊட்டுக்காரன், "நான் மருமவன் மொற. மாமனாரு மேல மொள அடிச்சா ஊரு இன்னா பேசும்?"னான்.

"மருமவனா? அப்ப கோர்ட்டுல இன்னாத்துக்கு நிக்கற?"

"கேசு முடியற வரைக்கும் மருமவன்தாம்மா"ன்னாரு மாமன்.

"அப்ப முடிஞ்சப்புறம் வந்து அடிங்க."

"முடியணும்னா இவன் கையெழுத்து போடணும். போட்டுட்டா அப்புறம் நீ எங்க குடுக்கப் போற?"

வெயில்ல நின்னு இதையே திருப்பித் திருப்பிப் பேசனானுங்க. கீழ பாத்தேன். போன மழையில மண்ணு உள்ள எறங்கியிருந்துச்சு. அது மேலயே மூணு பேரும் செருப்பு காலோட நிக்கறானுங்க. எனக்கு எங்கேர்ந்து அழுவ வந்துச்சோ தெரியல.

"தள்ளி நில்லுங்க. தலயும் எனக்குத்தான், காலும் எனக்குத்தான். பாதியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

அப்புறம் என் ஊட்டுக்காரன்தான் சொன்னான். "மல்லாட்ட வெதைக்கும்போது நான்தான ஏர் ஓட்டனேன்."

"கடலய புடுங்கறப்ப ஒரு மூட்ட வாங்கிக்கோ."

அவன் மாமனப் பாத்தான். மாமன் யோசிச்சு, "ஈரமாவா, காஞ்சதாவா?"ன்னாரு.

"காய வச்சே தரேன்."

அடுத்த வாய்தாவுல கையெழுத்து போட்டான். மூட்டய நானே செஞ்சி பஸ் ஸ்டாண்டுல ஏத்திவுட்டுட்டு, வந்து மம்முட்டி எடுத்துக்கினு கொல்லைக்குப் போனேன். நைனா மேல மண்ண அள்ளிப் போட்டு மேடாக்கனேன்.