யானை இல்லை, சுகுணா

சானமாவு காட்டை ஒட்டிய அந்த ஊரில் காரணமில்லாமல் யாரும் ஓடமாட்டார்கள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடுவதில்லை. கையைக் காட்டினால் டிரைவர் நிறுத்துவார். நிறுத்தாத டிரைவரை மறுநாள் டீக்கடையில் நிறுத்தி வைத்து விசாரிப்பார்கள். ஓசூர் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் பெண்பிள்ளைகள் தலைபின்னவே உட்காருவார்கள். ஆகவே அந்த ஊரில் ஒருவர் ஓடினால் அதற்கு ஒரே பொருள்தான். பின்னால் யானை வருகிறது.

ராகிக் கதிர் முற்றும் மாதங்களில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் கூட்டமாக இறங்கும். நம்மைப் போல எல்லைச் சோதனைச்சாவடியில் நின்று பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. அந்தக் காலத்தில் யாராவது ஓடுவதைப் பார்த்தால் ஏன் என்று கேட்கக் கூடாது. தானும் ஓட வேண்டும், ஓடிக்கொண்டே கத்த வேண்டும். எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காக நடந்துவரும் சட்டம் இது.

ஊர்ப் பால் சொசைட்டியின் தலைவர் நாராயணப்பன். தக்காளியும் ராகியும் போடுகிற விவசாயி. ராயக்கோட்டை மண்டியில் அவருடைய தக்காளிக்கு நல்ல பெயர் உண்டு. ஊரில் அவருடைய குரலுக்கு அதைவிடப் பெரிய பெயர். சொசைட்டிக் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. யானை வந்தால் ஊரை உஷார்ப்படுத்துவதற்காக மாட்டியவை. மைக் தலைவரின் மேஜைமேல் இருக்கும். யானை வராத நாட்களில் நாராயணப்பன் பேசினார்.

முக்கியமாக ஆகஸ்ட் பதினைந்தும் ஜனவரி இருபத்தாறும் அவருக்கு அறுவடை நாட்கள். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பிள்ளைகள் மிட்டாயைச் சப்பி முடித்து உறையை மடித்து விசில் ஊதும் வரைக்கும் பேசுவார். எங்கே தொடங்கினாலும் ஓர் இடத்தில்தான் வந்து முடிப்பார்.

"வீட்டுக்கு ஒரு பிள்ளைய நாட்டுக்குக் குடுங்க. கேக்கறது நானில்ல, அந்தக் கொடி கேக்குது."

அவருக்கும் ராஜாத்திக்கும் ஒரே பிள்ளை, சுகுணா. இருப்பதே ஒன்று என்றால் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று அவர் நினைத்திருக்கலாம். அல்லது நினைக்காமலே இருந்திருக்கலாம். பேச்சாளர்களுக்கு இது சகஜம்.

மேடைப் பேச்சைக் கேட்டு யாரும் எதையும் செய்துவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் மேடைகள் நிற்கின்றன. அந்த நம்பிக்கையில் முதல் ஓட்டை போட்டவன் மாதேஷ். முனிலட்சுமியின் மகன். முனிலட்சுமி பல வருஷம் நாராயணப்பனின் தோட்டம் உட்பட ஊர் நிலங்களில் களை வெட்டியவள். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. மாதேஷ் ராணுவத்துக்குத் தேர்வானபோது நாராயணப்பன் ஸ்பீக்கரில் ஊருக்கே அறிவித்தார். முனிலட்சுமிக்குச் சால்வை போர்த்தி, "வீரத்தாய்" என்று பட்டமும் கொடுத்தார். அதற்குப் பிறகு கேன்டீனில் சாம்பார் தீர்ந்து போனால்கூட "வீரத்தாயே, இன்னும் ஒரு கரண்டி" என்றுதான் கேட்டார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு மார்கழிக் காலை. பனி கனமாக இறங்கியிருந்தது. பால் ஊற்ற ஊரே கேனும் தூக்குமாக சொசைட்டி வாசலில் வரிசையில் நின்றது. அப்போது காட்டு ரோட்டுப் பக்கமிருந்து, பனிக்குள், தடதடவென்று யாரோ ஓடிவரும் சத்தம்.

"யாரோ ஓடியாராங்க" என்றான் வரிசையில் ஒருவன். அவ்வளவுதான் தேவைப்பட்டது. நாராயணப்பன் மைக்கைப் பிடித்தார்.

"யானை வருது, யானை வருது. காட்டு ரோட்டுல யாரும் போவாதீங்க. ஆனெ பந்திதெ. ஏனுகு ஒச்சிந்தி."

ஊரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்குவதால் யானையும் எப்போதும் மூன்று பாஷையில்தான் வரும். பால் கேன்கள் உருண்டன. சிலர் சொசைட்டிக்குள் பாய்ந்தார்கள், சிலர் பால் டெம்போமேல் ஏறினார்கள். தகரம் தட்டும் சத்தம் நாலு திக்கிலும் கிளம்பியது. வனத்துறை வாட்சர் வெங்கடப்பன் பட்டாசுக் கட்டோடு வந்து சேர்ந்தார். அதற்குள் ஒருவர் தந்தத்தைப் பார்த்துவிட்டார். இன்னொருவர் கூடவே குட்டி இருப்பதாகச் சொன்னார். குட்டி இருந்தால் தாய் பொல்லாதது என்று டெம்போமேல் இருந்தவர்கள் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

பனி விலகியது. டிராக் பேன்ட்டும் ஷூவுமாக மூச்சு வாங்க ஓடிவந்து நின்றாள் சுகுணா.

"எங்கடி அது?" என்றார் நாராயணப்பன்.

"எதுப்பா?"

"யானை."

"யானையா?" சுகுணா திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் பயந்துபோய் ஓடி சொசைட்டிப் படிமேல் ஏறிக்கொண்டாள்.

வெங்கடப்பன் ரோட்டில் குனிந்து கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தார். "தடம் ஒண்ணுதாண்ணா இருக்குது. அதுவும் ஷூ போட்டிருக்குது."

"அப்ப நீ எதுக்குடி ஓடின?"

சுகுணா அம்மாவைப் பார்த்தாள். ராஜாத்தி தன் பால் தூக்குக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். இனி மறைத்துப் பயனில்லை.

"எல்லைக் காவல் படைக்கு எழுதியிருந்தேம்பா. பரீட்சையில பாஸாயிட்டேன். அடுத்தது ஓட்டம். ஓடிக் காமிச்சாத்தான் எடுப்பாங்க."

"பேங்க் பரீட்சைன்னியே?"

"அது அம்மா சொன்னது."

நாராயணப்பனுக்குக் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குரலில் ஏறியது. "பேங்க்கு இருக்குது, கம்பெனி இருக்குது, டீச்சர் வேல இருக்குது. எல்லையில போய் நிக்க உனக்கென்ன தலையெழுத்து? நாட்டப் பாத்துக்க எத்தனையோ பேர் இருக்காங்க. நீ போவ வேணாம். முடியாதுன்னா முடியாது."

"முடியாது" என்றது காடு. எதிரொலி. கூட்டத்திலிருந்து முனிலட்சுமி மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணா, மைக்கு ஆன்ல இருக்குது."

நாராயணப்பன் தன் கையைப் பார்த்தார். மைக் அங்கேயேதான் இருந்தது. வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்கள், மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், கம்பெனி பஸ்ஸுக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருந்தார்கள். அவர் சுவிட்சைத் தேடும்போது முனிலட்சுமி இன்னொன்றும் கேட்டாள். அதுவும் ஸ்பீக்கரில் போனது.

"எம் பையன் போனப்ப இதே மைக்குல என்னை வீரத்தாய்ன்னீங்க. இப்ப ராஜாத்தி அக்காவ என்னான்னு சொல்லப் போறீங்க?"

அதன்பிறகு சில நாட்கள் தலைவர் சொசைட்டிக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். ரோட்டில் போகிறவர்கள் வாசலில் நின்று நலம் விசாரித்தார்கள். "ஜனவரி இருபத்தாறுக்குள்ள தேறிடுவாருங்களாக்கா? பேச்சு இருக்குதே" என்று ராஜாத்தியிடம் அக்கறையாகக் கேட்டவர்களும் உண்டு.

சுகுணா ரோட்டில் ஓடுவதை நிறுத்திவிட்டாள். அழவில்லை, சாப்பாட்டை ஒதுக்கவில்லை. மொட்டை மாடியில் கயிறு தாண்டினாள். கீழே கட்டிலில் படுத்திருந்த அப்பாவின் தலைக்கு நேர்மேலே, தொப்பு தொப்பென்று. ஆனால் கயிறு தாண்டுவதெல்லாம் ஓட்டமாகுமா? ஒரு மைல் தூரத்தை ஒரே மூச்சில் ஓட வேண்டும். தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலை வீணாகும்போதும் அவளுக்கு அது தெரிந்தது. கதவோரம் கிடந்த ஷூவைக் கடக்கும்போதெல்லாம் அவருக்கும் தெரிந்தது.

"உனக்குப் பயமே இல்லையா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"இருக்குது. அதுக்காகத்தான் உங்ககிட்ட சொல்லல. ரெண்டு பேரும் பயந்துக்கினு உக்காந்தா வீட்ல யாரு சமைக்கறது?"

அன்று சாயங்காலம் அவர் முனிலட்சுமியின் வீட்டு வாசலில் போய் நின்றார். முனிலட்சுமி பதறிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பல வருஷத்துப் பழக்கத்தில் தான் நின்றாள். அவர் உட்காரவில்லை, இன்னொரு நாற்காலி வரட்டும் என்றார். அந்த வீட்டில் அதுதான் ஒரே நாற்காலி என்பது தெரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்தார். அவளும் எதிரே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

"பையனை அனுப்பிட்டு எப்படிம்மா இருக்கற?"

"போன் வரும். 'சாப்பிட்டியாம்மா'ம்பான். 'நீ சாப்பிட்டியாடா'ம்பேன். சிக்னல் போயிடும். அவ்ளோதாண்ணா." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "பயமாத்தான் இருக்குது. பெருமையாவும் இருக்குது. ரெண்டும் ஒரே அடுப்புலதான் வேகுது. ஒண்ண மட்டும் இறக்கி வெக்க முடியல."

"என்னைத் திட்டியிருப்பியே."

"நீங்க சொல்லி அவன் போனான்னா நெனச்சீங்க? அவனுக்குப் போவணும்னு இருந்துது, போனான். நீங்க சால்வ போத்தினீங்க. பஸ் பொறப்படற வரைக்கும் நின்னிருந்தா நல்லாருந்திருக்கும். மண்டிக்கு நேரமாச்சுன்னு போயிட்டீங்க."

திட்டினால்கூடச் சமாளித்திருப்பார். வாசற்படியிலிருந்து எழும்போது அவருக்கு முழங்கால் வலித்தது.

மறுநாள் விடிவதற்குள் அவர் சொசைட்டிக்குப் போய்விட்டார். முதலில் வெங்கடப்பனுக்குப் போன் போட்டு, யானைக் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். ஊர் போர்வைக்குள்ளேயே காதைத் தீட்டிக்கொண்டது.

"எல்லாருக்கும் வணக்கம். இப்ப காட்டு ரோட்டுல ஒரு ஆள் ஓடப் போவுது. அது எம் பொண்ணு சுகுணா. எல்லைக் காவல் படைக்கு ஓடறா. யானை இல்ல. ஆனெ இல்ல. ஏனுகு லேது. யாரும் பட்டாசு கொளுத்தாதீங்க."

வீட்டில் ராஜாத்தி ஷூவைத் தட்டி மகளிடம் கொடுத்தாள். அந்த அறிவிப்பு கேட்டபோது ராஜாத்தியின் முகம் எப்படி இருந்தது என்பதை சுகுணா மட்டும்தான் பார்த்தாள்.

அன்று முதல் அது தினசரி வழக்கமாயிற்று. யானைக் கூட்டம் கிட்டே வந்த நாட்களில் வாசகம் மாறும்: "இன்னிக்கு யானைதான், சுகுணா இல்ல." ஊர் அதற்கேற்ப நடந்துகொண்டது. மெல்ல மெல்ல அறிவிப்பில் சேர்மானங்களும் வந்தன. நேற்றைவிட வேகம் கூடியிருக்கிறது, ரோட்டில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியவர் எடுத்துவிடவும், கோவிந்தப்பன் வீட்டு நாய் நேற்றும் துரத்தியது, கட்டிப்போடவும். நாய் துரத்தியதால்தான் வேகமே கூடியது, அதை அவிழ்த்தே விடலாம் என்று கோவிந்தப்பன் வாதாடினார்.

ஓட்டத் தேர்வில் சுகுணா தேறினாள். செய்தி வந்த காலை நாராயணப்பன் மைக்கை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "பொண்ணு பாஸ்" என்றார். சுவிட்சை அணைத்துவிட்டார். ஊர் வரலாற்றிலேயே அவர் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான். கைதட்டல் வாங்கியதிலும் அதுதான் பெரியது.

அவள் பயிற்சிக்குக் கிளம்பிய நாளில் தோட்டத்தில் தக்காளி பழுத்து நின்றது. மண்டியில் விலையும் நன்றாக இருந்தது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ்ஸின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாலை இல்லை, சால்வை இல்லை. பக்கத்தில் ராஜாத்தியும் முனிலட்சுமியும்.

"போனதும் போன் பண்ணு."

"பண்றேம்பா. நீங்க மாத்திரைய மறந்துடாதீங்க."

பஸ் திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார். முனிலட்சுமிதான் "வாங்கண்ணா, பழக பழகச் சரியாயிடும்" என்றாள். பிறகு உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தாளோ என்னவோ, "ஆவாது. ஆனா சோறு எறங்கும்" என்றாள்.

அடுத்த ஜனவரி இருபத்தாறில் அவர் பேச்சைக் கேட்க, கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள்கூட இருந்தார்கள். "குடுங்க" என்ற வார்த்தையே வரவில்லை.

"எம் பொண்ணு போயிருக்கா. அனுப்பறதுக்குள்ள நான் பட்ட பாடு உங்க எல்லாருக்கும் தெரியும், ஸ்பீக்கர்லயே கேட்டீங்க. எனக்கு அவள நெனச்சா நெஞ்சு நிமிருது. அதே நெஞ்சு ராத்திரியில அடிச்சுக்குது. ரெண்டும் நெசம். போவணும்னு ஆசை இருக்கறவங்க, பட்டாளமோ போலீசோ, ஊர்க்காவல் படையோ, இல்ல நம்ம வெங்கடப்பன் கூட யானை வெரட்டறதோ, எதுவா இருந்தாலும் வாங்க. ரோட்ட காலி பண்ணிக் குடுக்கறது என் வேல. பஸ் ஏத்தி வுட்டு, அது கண்ணுக்கு மறையற வரைக்கும் நிக்கறதும் என் வேல."

பிள்ளைகள் மிட்டாய் உறையை இன்னும் மடிக்கவே ஆரம்பித்திருக்கவில்லை. பேச்சு முடிந்துவிட்டது.

மறுநாள் விடியலில் சொசைட்டிக் கதவைத் திறக்கும்போது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கம்பெனி யூனிஃபார்ம் சட்டை, காலில் புது ஷூ. முனிலட்சுமியின் மகள் சுவேதா. பின்னால் பால் தூக்கோடு முனிலட்சுமி.

நாராயணப்பன் மகளை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தார். "நான் வீட்டுக்கு ஒண்ணுதாம்மா கேட்டேன். ரெண்டாவதையும் கேக்கலியே."

"கணக்கு நீங்க போட்டது. ஓடறது அவ" என்றாள் முனிலட்சுமி. "பஸ் வர்றதுக்குள்ள ஓடி முடிக்கணும். சீக்கிரம் சொல்லுங்கண்ணா."

அவர் வெங்கடப்பனுக்குப் போன் போட்டு விசாரித்தார். பிறகு மைக்கை எடுத்து, சுவிட்சை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துப் போட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். காட்டு ரோட்டுல ஓடறது நம்ம சுவேதா. யானை இல்ல. ஆனெ இல்ல. ஏனுகு லேது. கோவிந்தப்பா, நாயை அவுத்து வுடு."