பத்தாவது தலை

அந்தப் பயணம் நேர்வதற்கு முன்பே எனக்கென்று ஒரு நிலை இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரியாபட்டிப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பத்தில் நான் மூத்த மகன். மதுரையில் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவன். ஐம்பதுகளின் பிற்பகுதியில், சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வெளி மாகாணக் கடிதப் போக்குவரத்து முழுவதும் என் கையெழுத்தில்தான் நடந்தது. முதலாளி மற்றவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்; என்னை மட்டும் 'பி.ஏ.' என்பார். அந்த இரண்டு எழுத்துகளில் எனக்கு இருந்த பெருமையை இந்த வயதில் மறைப்பதில் பயனில்லை.

என் மேசையில் வந்து விழுந்த கடிதங்களைக் கொண்டுதான் இந்தத் தேசத்தின் பண்டிகைகளை நான் அறிந்தேன். நமக்குத் தீபாவளி என்பது விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முதல் சரத்தைக் கொளுத்துவது. வடக்கே அது அந்தி சாய்ந்தபின் வாசலெல்லாம் அகல் ஏற்றுவது. வங்காளத்து வியாபாரி அதே நாட்களில் காளி பூஜைக்கென்று சரக்குக் கேட்பார். மலையாளத்திலிருந்து வரும் ஆர்டர் சித்திரை விஷுவுக்கும் மார்கழிக் கிறிஸ்துமஸுக்கும் கம்பி மத்தாப்பாக இருக்கும். ஹைதராபாத் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஷபே பராத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிவிடுவார். பீகாரில் எந்தப் பண்டிகையும் வேண்டாம், மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்றே போதும். எங்கள் கரிசல் காட்டுக் கொட்டகைகளில் சுற்றிய ஒரே வெடி, போய்ச் சேரும் ஊரைப் பொறுத்து வெவ்வேறு தெய்வத்துக்கு வெடித்தது. இவ்வளவையும் அறிந்தவன் என்று நான் என்னை மதித்துக்கொண்டிருந்தேன். ஆனால் விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலைத் தவிர வேறு ஊர்த் திருவிழா ஒன்றையும் அதுவரை கண்ணால் கண்டதில்லை.

எங்கள் கம்பெனியின் போர்மேன் எந்தப் பண்டிகையையும் பெரிதாக மதிக்காதவர். தாயில்பட்டிக்காரர். அவருடைய தகப்பனார் பிறர் காட்டில் கூலிக்கு உழைத்தவர். இவர் சிறு வயதிலேயே வெடிமருந்துக் கொட்டகைக்கு வந்து, எழுத்து வாசனை இல்லாமலே போர்மேன் ஆனவர். அவருக்குக் காதுதான் படிப்பு. மைதானத்தில் மாதிரிச் சரக்கை வெடித்துப் பார்க்கும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். சத்தம் அடங்கியதும், "மூணாவது காயிதம் இறுக்கமில்ல. யாரு சுத்துனது?" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். தீபாவளியன்று அவர் வீட்டில் ஒரு மத்தாப்புகூட எரியாது. ஊரே வெடித்துக்கொண்டிருக்க, இவர் வாசலில் அமர்ந்து, எது நம் சரக்கு எது வெளிச்சரக்கு என்று தமக்குள் சொல்லிக்கொண்டிருப்பாராம்.

ஒரு வருஷம் ஆனி மாதத்தில், கங்கைக் கரையிலுள்ள ஒரு நகரத்திலிருந்து கடிதம் வந்தது. விஜயதசமியன்று இராவணனுக்கு அறுபதடி உயரத்தில் உருவம் செய்து எரிப்பது அவர்கள் வழக்கம். அந்த வருஷம் பத்துத் தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, கூடியிருக்கும் ஜனங்கள் எண்ணிப் பார்க்கும்படி வெடிக்க வேண்டும். அதற்குச் சரக்கும் வேண்டும், வந்து கட்டிக்கொடுக்க ஆளும் வேண்டும் என்று விழாக் கமிட்டியார் கேட்டிருந்தார்கள். காரியம் சரியாக நடந்தால் அந்த மாகாணத்துச் சீசன் ஆர்டர் முழுவதும் எங்களுக்கு. முதலாளி போர்மேனை அனுப்பத் தீர்மானித்தார். பேச்சுத் துணைக்கு நான். ஆங்கிலம் போக, பரீட்சைக்குப் படித்த கொஞ்சம் இந்தியும் எனக்கு இருந்தது.

புறப்படும் நாளில் லேபிள் ஒட்டும் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "மாமோய், பத்துத் தலைக்கும் மருந்து வைக்கப் போறீகளாம்ல! வீட்டுல அத்தையோட ஒத்தத் தலைக்கே பயந்து சாகுறீக!" என்றாள் ஒருத்தி. "அவ தலைக்குத் திரி எங்கன இருக்குன்னு இன்னும் தெரியலயேத்தா" என்றார் இவர். கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்படிச் சிரிப்பது என் தகுதிக்கு உகந்ததல்ல என்று கருதிய காலம் அது. ரயிலிலும் நான் இரண்டாம் வகுப்பு, அவர் மூன்றாம் வகுப்பு. பெரிய ஜங்ஷன்களில் இறங்கி என் ஜன்னலருகே வந்து, "சாப்பிட்டீகளாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் அவரை ஒருமுறையும் கேட்டதாக நினைவில்லை.

அந்த நகரத்து மைதானத்தில் முதன்முதலாக இராவணனைப் பார்த்த கணம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மூங்கிலும் சணலும் வண்ணக் காகிதமும் சேர்ந்து, ஆலமரம் எழுந்து நடந்து வந்ததுபோல் நின்றான். இரு பக்கமும் சற்றுக் குறைந்த உயரத்தில் தம்பி கும்பகர்ணனும் மகன் இந்திரஜித்தும். உருவம் செய்தவர் ஒரு முதிய முஸ்லிம் பெரியவர். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அதுவே அவர்கள் குடும்பத் தொழிலாம். இராமன் கதைக்கு இராவணனை அவர் செய்கிறார். வெடியைத் தாயில்பட்டிக்காரர் கட்டுகிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆயினும் நான் இடையில் நிற்க அவசியமே ஏற்படவில்லை. விரலால் தட்டிக் காட்டியும், மூங்கிலை வளைத்துக் காட்டியும் நான்கு நாட்கள் வேலை நடந்தது.

மூன்றாம் நாள் மாலை போர்மேன் என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஐயா, ஆளு உருவத்துக்குத் தீ வைக்கிறதுன்னா அது கொள்ளியில்லய்யா? இவனுக்கு யாரு வைக்கா?"

இராமர் வேஷம் போட்ட பையன் அம்பு விடுவான், அதே நேரத்தில் அவர் திரியைப் பற்றவைக்க வேண்டும் என்றேன்.

"அது கூத்துய்யா. நான் கேக்கது கொள்ளி. புள்ள வைக்கணும். மகனையும் பக்கத்துலயே நிறுத்தி எரிக்காகளே, பெறகு யாரு இருக்கா இவனுக்கு?"

இது வெறும் காகிதம் என்று நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்; ஒப்பவில்லை. கடைசியில், "நானே முறையாச் செஞ்சுபுடுதேன்யா" என்று முடிவு சொன்னார். முறை என்றால் நம் பக்கத்து முறை. குளித்து ஈர வேட்டியோடு வந்து தீ வைக்க வேண்டும். வைத்தபின் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். தாம் நான்கு நாள் உழைத்துக் கட்டியதை, அத்தனை ஜனங்களும் பார்ப்பதை, அவர் பார்க்கப்போவதில்லை. எனக்கு அது மூடத்தனமாகவே பட்டது.

விஜயதசமி வந்தது. நம் ஊரில் அன்று ஆயுத பூஜை முடிந்து, குங்குமம் வைத்த அச்சு இயந்திரங்களை மீண்டும் ஓடவிடுவார்கள். குழந்தைகளுக்கு அரிச்சுவடி தொடங்குவார்கள். வீட்டுக்குள் அடங்கிய விழா. அங்கோ சூரியன் இறங்க இறங்க, மைதானத்தின் எல்லை தெரியாமல் ஜனங்கள் நிறைந்துவிட்டார்கள். தோளில் குழந்தைகள், கையில் காகித வாளும் வில்லும். அத்தனை பேரும் ஒரே குரலில் இராமனை வாழ்த்தியபோது என் நெஞ்சுக்கூட்டில் அந்த ஒலி அதிர்ந்தது. நான் மேடையில், கமிட்டித் தலைவரின் பக்கத்து நாற்காலியில், கழுத்தில் சாமந்தி மாலையோடு அமர்ந்திருந்தேன். தம்பியும் மகனும் எரிந்து முடிந்தபின், இராமர் வேஷப் பையன் அம்பு விட்டான்; கீழே ஈர வேட்டியோடு ஒரு கரிய, ஒல்லியான மனிதர் குனிந்து இராவணனின் திரியைப் பற்றவைத்தார். கைகூப்பினார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

நெருப்பு கால்களில் ஏறியது. பச்சையும் சிவப்புமாக இடுப்பில் சுழன்றது. மார்பில் பூவாகச் சொரிந்தது. பிறகு தலைகள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஜனங்கள் எண்ணினார்கள். எண்ணிக்கை பாதியிலேயே ஆரவாரத்தில் மூழ்கிவிட்டது. கல்லூரியில் படித்த எந்தக் காவியமும் எனக்குள் எழுப்பாத ஒன்றை அந்தத் தீ எழுப்பியது. வாய் திறந்தபடி இருந்தேன். அந்த மாபெரும் உருவம் ஒருபுறமாகச் சாய்ந்து விழுந்தது.

அப்போது தலைவர் என் பக்கம் குனிந்து, ஆங்கிலத்தில், "எல்லாம் முடிந்ததா?" என்று கேட்டார். "முடிந்தது" என்றேன். அவர் கைக்குட்டையை உயர்த்தினார். தொண்டர்கள் எரியும் இடத்தைச் சுற்றி ஜனங்களைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். ஜனங்கள் அந்த நெருப்பை நோக்கி ஓடினார்கள்.

ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நம் ஊரில் சிதையை நோக்கி யார் ஓடுவார்? இராவணன் எரிந்த மூங்கிற்குச்சி ஒன்றை வீட்டில் வைத்தால் கெடுதல் அண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை என்று பிறகுதான் அறிந்தேன். தலைவர் என்னைக் கேட்டதன் பொருளும் பிறகுதான் விளங்கியது. அப்போது எனக்கு அது உபசார வார்த்தையாகப் பட்டது.

கயிற்றுக்கு உட்புறம், நெருப்பிலிருந்து எழுபது எண்பது அடி தூரத்தில், முதுகைக் காட்டி மெல்ல நடந்துகொண்டிருந்த போர்மேன் நின்றார். திரும்பினார். கொள்ளி வைத்தவன் செய்யக்கூடாததைச் செய்தார். "போகாதீக! ஒன்னு பாக்கி! ஒன்னு வெடிக்கல! போகாதீகய்யா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். தமிழ். அந்த ஆயிரக்கணக்கானவர்களில் அது புரிந்தவன் நான் ஒருவன். மேடையில் என் கைக்கெட்டும் தூரத்தில் ஒலிபெருக்கி இருந்தது. நிறுத்துங்கள் என்பதற்கு இந்திச் சொல் எனக்குத் தெரியும். நாலாம் பாடத்தில் வருவது. என் நாக்கு எழவில்லை.

கூட்டம் நெருங்குமுன் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இடக்கோடித் தலை ஒன்று கழுத்தோடு முறிந்து தனியே கிடந்தது. அதன் காகிதக் கன்னத்தில் நெருப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. இடுப்பிலிருந்த ஈர வேட்டியை உருவி அதன்மேல் போட்டு அமுக்கி, அதன்மேல் தாமே குப்புற விழுந்தார். ஓடிவந்த ஜனங்கள் ஒரு கணம் நின்று, பிறகு சிரித்தார்கள். கோவணத்தோடு ஒரு மதராஸி, ஆளுக்கொரு குச்சி போதாதென்று தலையையே திருட வந்தவன் என்று எண்ணிவிட்டார்கள். ஒருவன் அவர் காலைப் பிடித்து இழுத்தான். பொம்மை செய்த பெரியவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அருகே மண்டியிட்டு, ஈரத் துணிக்குள் கைவிட்டார். சணல் சுற்றிய வெடி, தேங்காய் அளவு, முழுதாக வெளியே வந்தது. அதை இரு கையாலும் ஏந்தி எல்லாருக்கும் காட்டினார். முன்வரிசையில் குழந்தைகள் இருந்தார்கள். காலைப் பிடித்து இழுத்தவன் கையை எடுத்துக்கொண்டான்.

பெரியவர் அந்தத் தலையின் மூங்கில் ஒன்றை ஒடித்துப் போர்மேனிடம் நீட்டினார். அவர் இரண்டடி பின்வாங்கிவிட்டார். "கொள்ளிக்கட்டய வீட்டுக்குக் கொண்டு போறதா? வேண்டாம்னு சொல்லுங்கய்யா!" நான் இந்தியில் சொன்னேன். அப்போது எனக்குச் சொற்கள் வந்தன.

வெடியைப் பிரித்துப் பார்த்ததில், மூங்கில் கட்டு இறுகித் திரியை நெரித்திருந்தது தெரிந்தது. அன்று தர்மசாலையில் ஒரே வரிசையில் அமர்ந்து சாப்பிட்டோம். விரல்களிலிருந்து முழங்கைவரை கொப்புளமாக இருந்ததால் அவரால் சப்பாத்தியைப் பிய்க்க முடியவில்லை. பிய்த்துக்கொடுத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பாத்திருந்தா தெரிஞ்சிருக்காதுய்யா. அம்புட்டு வெளிச்சத்துல யாருக்குக் காது கேக்கும்?" என்றார். பிறகு, "திரும்பிப் பாத்துட்டேன். அதுக்கு ஏதாச்சும் செய்யணும்" என்றார்.

செய்தார். ஊர் திரும்பி, விஜயதசமியிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள், தாயில்பட்டியில் தம் வீட்டு வாசலில் இலை போட்டு, வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டார். யாருக்குக் காரியம் என்று கேட்டவர்களிடம், "வடக்கே ஒரு பெரிய மனுசன். புள்ள இல்லாமப் போயிட்டான்" என்றாராம். எனக்கும் ஆள் அனுப்பி அழைத்திருந்தார். அந்தத் தெருவில் எங்கள் வீட்டார் கை நனைத்ததில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். வேலை எதுவும் இருக்கவில்லை.

ஆர்டர் எங்களுக்குக் கிடைத்தது. முதலாளி இந்தச் சம்பவத்தை வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அதில் என் பங்கு வளர்ந்தது. மேடையிலிருந்து ஆபத்தை முதலில் கண்டவன் நான், கையசைத்துப் போர்மேனைத் திரும்ப வைத்தவன் நான் என்றாயிற்று. நான் மறுக்கவில்லை. சென்ற மாதம் என் எண்பதாம் வயது விழாவிலும் ஒருவர் ஒலிபெருக்கியில் அதையே சொன்னார். என் பேரக்குழந்தைகள் கை தட்டினார்கள். போர்மேன் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன.

நான் கையசைக்கவில்லை. ஆபத்து எதையும் காணவில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொன்னது என் வாய். வெடித்தவை ஒன்பது என்று எண்ணியவர் அவர் ஒருவரே.