படத்தில் இல்லாத துண்டு

கிள்ளானில் எங்கள் கோயில் மகளிர் குழுவை பஸ்ஸில் ஏற்றிக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனார்கள். பேரிடர் உதவிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமாம். வெள்ளத்தின்போது முகாமில் சமைத்துப் போட்டவர்கள் என்பதால் எங்களுக்கு அழைப்பு. பக்கத்து வீட்டு அக்காவை நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். அவர் அந்த வெள்ளத்தில் வீட்டை இழந்து அதே முகாமில் தங்கியிருந்தவர். பிறகுதான் எங்கள் ஃபிளாட்டுக்குக் குடிவந்து குழுவிலும் சேர்ந்தார்.

உள்ளே ஒரு நிவாரணக் கூடாரத்தை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்கள். பாய், வாளி எல்லாம் இருந்தன. பழக்கதோஷம், அத்தனை பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டோம்.

“செருப்போடயே வரலாம் ஆன்டி” என்று வழிகாட்டிப் பெண் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். யாரும் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

கூடாரத்துக்குள் ஆளுயரப் படம் ஒன்று. சோற்றுப் பொட்டலத்துக்குக் கை நீட்டி நிற்கும் பெண். நனைந்த நைட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. அது அக்கா.

காய்கறி லோரி வந்து நின்றால்கூட நைட்டிமேல் துண்டு போடாமல் வாசலுக்கு வராதவர். எங்கள் ஃபிளாட்டில் எல்லாப் பெண்களுமே அப்படித்தான். அன்று துண்டைத் தேட வெள்ளம் நேரம் கொடுக்கவில்லை.

அக்கா வழிகாட்டிப் பெண்ணிடம் மெல்லச் சொன்னார். “இத எடுத்துருங்கம்மா. அது நான்தான்.”

“நீங்களா ஆன்டி? எல்லாரும் இந்தப் படத்துகிட்டதான் ரொம்ப நேரம் நிப்பாங்க. எடுக்க எனக்கு பவர் இல்ல லா. ஆபீஸ்ல கேட்டுப் பார்க்கிறேன்.”

“இதுல என்ன இருக்கு? நம்ம ஆளு படம் மியூசியத்துல இருக்கு, பெருமைதானே” என்றார் எங்கள் தலைவி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் படத்தின் ஓரம் கண்ணில் பட்டது. பொட்டலம் கொடுக்கும் அந்த வளையல் கை என்னுடையது. என் முகம் படத்தில் இல்லை. கொடுத்தவளின் மானம் பத்திரமாக இருந்தது.

அக்கா தோளிலிருந்த ஷாலை உருவி, படத்தின் மேல் விளிம்பில் செருகி, மார்பு மறையத் தொங்கவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் போய் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் கிளம்பும்போது காவலுக்கு நிற்கும் ஜாகா மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் ஷால், அழகாக மடித்திருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைத்திருக்கிறார்.

“ஆன்டி, ஷால்” என்று ஜன்னல் வழியாக நீட்டினார். நல்ல மனிதர்.

அக்கா வாங்கிக்கொண்டு தேங்க்யூ சொன்னார். கிள்ளான் வரும்வரை அது அவர் மடியிலேயே கிடந்தது. தோளில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.