ஆடிக்கும் பேய் மாதத்துக்கும் நடுவில் ஒரு சாவி

இன்று காலை ஈப்போ புந்தோங்கில், ஒரு காலி வீட்டின் நடுவில் நின்றுகொண்டு, குடி வரலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

வீடு என் பழைய மாணவி தேவிக்கு. சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்த குடும்பம். கணவர் மணியம் லாரி ஓட்டுகிறார்.

இப்போது இருப்பது அரசாங்க பிளாட்டில். மணியத்தின் அண்ணன் பெயரில் எடுத்த வீடு. அண்ணன் ஜொகூருக்குப் போய்விட்டார். பதிவில் பெயர் இல்லாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுக்காக வரிசையில் காத்திருப்பவர்களும் பாவம்தான். யாரைக் கோபித்துக்கொள்வது?

நானும் தேட இறங்கினேன். (ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை என்கிறார் என் வீட்டுக்காரர்.)

போனில் "வாங்க டீச்சர்" என்பார்கள். குடியிருக்கப் போவது இந்தியக் குடும்பம் என்றதும், வீடு போய்விட்டது என்பார்கள். மறுநாளும் அதே வீட்டுக்கு விளம்பரம் வரும். கிடைக்கிற மற்ற வீடுகளின் வாடகை மணியத்தின் சம்பளத்துக்கு எட்டாது.

வகுப்பில் பிள்ளைகளைவிட நாற்காலிகள் குறைவு என்று வையுங்கள். நிற்கிற பிள்ளையைப் பார்த்து, ஏன் உட்காரவில்லை என்று அதட்டுவோமா?

கடைசியில் கிடைத்தவர் லிங் ஆன்ட்டி, சீனர். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். என் பேரனைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார்! இன்று காலை தேவியைப் பார்த்தார், வேறெதுவும் கேட்காமல் சாவியை நீட்டினார்.

மணியம் குழாயைத் திறந்து பார்த்தார், பின்கட்டைப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. சாவியை மட்டும் வாங்கவில்லை.

"ஆடி முடியட்டும் ஆன்ட்டி. ஆவணி ஒன்னு பால் காய்ச்சிட்டு வந்துர்றோம்."

நீட்டிய கை திரும்பிப் போனது.

"அதுக்கு முன்னாடியே எங்க பேய் மாசம் வந்துரும் லா, செத்தவங்க ஊரைச் சுத்துற மாசம். அப்ப நான் சாவி கொடுக்க மாட்டேன். முடியுற வரைக்கும் வீட்டைச் சும்மா போடவும் முடியாது. இன்னொரு ஆளு கேட்டுக்கிட்டிருக்கான்."

எனக்குப் பதற்றம். வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்று மணியத்தின் காதில் கேட்டேன்.

"இப்ப இருக்கிற வீட்டுக்கும் அவசரப்பட்டு ஆடியிலதான் போனோம் டீச்சர். இன்னிக்கு வெளிய தள்ளுறாங்க பாருங்க."

லிங் ஆன்ட்டி கைப்பையில் சாவியைப் போடப் போனார்.

அதுவரை அடுப்படியிலேயே நின்றிருந்த தேவி வாயைத் திறந்தாள்.

"பால் காய்ச்சினாத்தானே குடி வந்ததா அர்த்தம்? காய்ச்ச வேணாம். இப்ப ஆன்ட்டி வீட்டுக்கு விருந்தாளியா வருவோம். ஆவணியில பால் காய்ச்சிக் குடி வருவோம். பேய் மாசம் வாரப்ப சாவி நம்ம கையில இருக்கும். ஆன்ட்டிக்கும் தப்பில்லை."

மணியம் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"விருந்தாளி சரி, ஆனா வாடகை உண்டு லா" என்றார் லிங் ஆன்ட்டி.

மணியம் சிரித்துவிட்டார். இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஆவணி வரை அந்த வீட்டு அடுப்பில் பால் ஏறாது. எல்லாருக்கும் பால் இல்லாத கோப்பி ஓ. (டின் பாலைக் காய்ச்சுவதில்லையே, அது கணக்கில் வராது என்கிறாள் தேவி. மணியம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.)

நிம்மதியாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முடியவில்லை.

தேவியைப் பிளாட்டில் இறக்கிவிட்டபோது எதிர்வீட்டு சாந்தி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிள்ளைகள். அவளுக்கும் அதே வெள்ளிக்கிழமை. நடந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு ஆடியும் பார்க்க வேணாம், பாலும் காய்ச்ச வேணாம் டீச்சர். சாத்திக்கிட்டுப் படுக்க ஒரு கதவு இருந்தாப் போதும்."

லிங் ஆன்ட்டியிடம் வேறு வீடு இல்லை. கேட்டுவிட்டேன்.

ஈப்போவில் உங்களில் யாரிடமாவது பூட்டியே கிடக்கிற வீடு இருக்கிறதா?