சூடம் ஏற்றி வாங்கிய வீடு

எங்கள் குலதெய்வத்தையும், படத்துக்குள் இருந்து இன்று நம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் அக்காவையும் வணங்கி, அவர் திதிக்கான இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். மறைந்தவரைப் பெயர் சொல்லாமல் உறவு சொல்லி எழுதுவதுதான் முறை என்று அச்சகத்துக்காரர் சொன்னார். நல்ல முறைதான். உயிரோடு இருக்கும் சிலருக்கும் அதே மரியாதையைக் கொடுக்கிறேன். யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது யாருக்காவது காது சூடானால், அது அவரைப் பற்றித்தான்.

எங்கள் மாமா ஒருவர் எனக்குச் சிரமம் வேண்டாம் என்று கட்டுரையை அவரே எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா பொறுமையின் வடிவம், யாரையும் கடிந்து பேசாதவர், உறவுகளை அனுசரித்து வாழ்ந்தவர் என்று ஒன்றரைப் பக்கம். அதைக் கிழித்துப் போட்டேன். அக்கா பொறுமையாகப் பிறக்கவில்லை. பொறுமையாக இரு, பொறுமையாக இரு என்று நீங்கள்தான் அவரை உட்கார வைத்தீர்கள்.

அக்கா பிறந்தது பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகளில் கடைசிக் காம்பராவில். அப்பா காலமானபோது அவருக்கு வயது பதினேழு. எனக்கு ஒன்பது. முப்பதாம் நாள் கழிந்து தோட்டத்து மேற்பார்வைக்காரர் கண்டாக்கையா வாசலுக்கு வந்தார். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா, இல்லாவிட்டால் காலி பண்ண வேண்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை, சட்டம் அப்படி. மறுநாள் அக்கா பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, மறைந்த அம்மாவின் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அந்தக் காம்பராவுக்காகத்தான் போனார். நான் படித்தது அந்தக் கூடையில்.

பிறகு கல்யாணம், ஒரு மகள், மூன்று வருடத்தில் அத்தான் மறைவு, குவைத்தில் ஒரு வீட்டில் நீண்ட காலச் சமையல் வேலை. எல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அக்கா அனுப்பிய போர்வை இன்னும் கிடக்கிறது. ஆனால் அக்கா எதற்காகப் போனார் என்று எத்தனை பேர் கேட்டீர்கள்? "யாரும் வாசல்ல வந்து நின்னு, காலி பண்ணுன்னு சொல்ல முடியாத ஒரு வீடு வேணும்டா தம்பி." புறப்படும் நாளில் என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் வீடு தேடினார். அப்போதுதான் எங்கள் பெரியப்பா மகன், நாங்கள் பெரியண்ணன் என்று மரியாதையாக அழைத்தவர், வழியில் வந்தார். மஸ்கெலியா பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். புது வீடு கட்டிக்கொண்டு போனதால், பஜாருக்கு மேலே இருந்த பழைய வீட்டை விற்க நினைத்தார். வெளியாளுக்குக் கொடுப்பதைவிட நம்ம பிள்ளைக்கே கொடுக்கிறேன் என்றார். அக்கா அன்றைக்கு அழுதார். நானும் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என் செவிட்டில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. காம்பரா கைமாறினால் எழுத்தில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் எழுதிக் கொடுக்க அது யாருடைய சொத்தும் இல்லை. மாரியம்மன் கோயிலில் பெரியவர்கள் இரண்டு பேர் நிற்பார்கள். வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்து, சூடம் ஏற்றி, சாவியை எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் பேச்சு மாறியதில்லை. பெரியண்ணனும் அப்படியே செய்தார். கோயிலுக்கு எல்லோரையும் கூப்பிட்டார், சூடம் ஏற்றினார், சாவியைத் தட்டோடு அக்கா கையில் கொடுத்தார். அதே கையோடு எங்களை ஹட்டனுக்கு, பத்திரம் எழுதும், அவருக்குத் தெரிந்த நொத்தாரிசிடம் கூட்டிப்போனார்.

காகிதம் சிங்களத்தில் இருந்தது. நாலு பக்கம். நொத்தாரிசு தமிழில் நாலு வரி சொன்னார். ராகுகாலம் வரப்போகிறது, சீக்கிரம் வையுங்கள் என்று பெரியண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ சிங்களம் படிச்சவன்தானே. ஒருக்கா வாசிச்சுப் பாரேன்."

எனக்குச் சிங்களம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அரை மணி நேரம் கொடுத்திருந்தால் போதும். ஆனால் பெரியண்ணன் முன்னால் உட்கார்ந்து அவர் கொடுத்த காகிதத்தை விரல் வைத்து வாசித்தால், அவரைச் சந்தேகப்படுகிறேன் என்றுதானே அர்த்தம்? என் மரியாதை என் வாயைத் திறந்தது.

"சூடம் ஏத்தியாச்சே அக்கா. அதுக்கப்புறம் என்னத்த வாசிக்கிறது?"

அக்கா கையெழுத்து வைத்தார். சாட்சியாக நான் வைத்தேன்.

ஆறு வருடம் அந்த வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கூரையை மாற்றினார், சுவரில் ஈரம் ஏறாமல் பூச வைத்தார், முன்னால் ரோஜா வைத்தார். வரிப் பதிவைத் தன் பெயருக்கு மாற்றப் பிரதேச சபைக்குப் போன அன்றுதான், அங்கிருந்த சிங்களப் பெண்மணி காகிதத்தைப் படித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார்: "அக்கே, இது வித்த உறுதிப் பத்திரம் இல்ல. பத்து வருஷம் குத்தகை."

முழு விலையும் கொடுத்தவர், பத்து வருடக் குடித்தனக்காரர். முடிந்ததும் யாராவது வாசலில் வந்து நின்று காலி பண்ணச் சொல்லலாம்.

பெரியண்ணனிடம் போனோம். முத்திரை வரிக்குப் பயந்து அப்படி எழுதினேன், மாற்றித் தருகிறேன், நமக்குள்ளே எதற்கு அவசரம் என்றார். அழகாகக் காதில் பூ சுற்றினார். முதலில் அவர் மகள் கல்யாணம் முடியட்டும் என்றார். பிறகு பெரியம்மாவுக்குச் சுகமில்லை. பிறகு ஆடி மாதம். மூன்று வருடத்தில் எத்தனை ஆடி வரும் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். கோயிலில் சாட்சியாக நின்ற இரண்டு பெரியவர்களிடம் அக்கா போனார். ஒருவர், கடையில் அவரிடம் கடனுக்குத் துணி எடுக்கிறோம், எப்படிப் பேசுவது என்று கையை விரித்தார். இன்னொருவர், நல்ல நாள் நெருங்குகிற நேரத்தில் குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுக்காதே என்றார். மாமா வீடு தேடி வந்து, அனுசரித்துப் போம்மா என்றார். அக்கா ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே. கோர்ட்டுக்குப் போகலாம் என்று நான் குதித்தேன். அக்காதான் தடுத்தார்.

"சொந்தத்துக்குள்ள கோர்ட்டு ஏறினா, நாளைக்கு எம்மக கல்யாணத்துக்கு யாருடா வருவாங்க?"

உங்களுக்காகத்தான் அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நீங்கள் வந்து பந்தியில் உட்காருவீர்கள் என்று நம்பினார்.

நான் ஹட்டனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பில் போடுகிறேன். முதல் வீடு வாங்கிய பிள்ளைகள் தினமும் வருகிறார்கள். டைல்ஸ் நிறம் பார்க்க அரை நாள் செலவழிப்பார்கள். உறுதியைப் படித்தீர்களா என்று கேட்டால், நொத்தாரிசு பார்த்துக்கொள்வார் என்பார்கள். யார் கூட்டி வந்த நொத்தாரிசு? விற்கிறவர் கூட்டி வந்தவர். இந்த மலர் உங்கள் கையில் இருக்கிறது, அதனால் கேளுங்கள். வீடு வாங்க நினைத்தால் உங்கள் நொத்தாரிசை நீங்கள் பிடியுங்கள். காணிப் பதிவகத்துக்குப் போய் அந்த இடம் யார் பேரில் இருக்கிறது என்று தேட வையுங்கள். தோட்டத்துக் காணியை யாராவது எழுதித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வெயிலில் போய் வீடு பார்க்காதீர்கள். நல்ல மழையில் போய், மேட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, பின்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குடிதண்ணீர்க் குழாய் யார் காணி வழியாக வருகிறது என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதியிருந்தால், ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துத் தமிழில் சொல்ல ஆள் வையுங்கள். ராகுகாலம் வந்தால் வரட்டும். சொந்தக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சுளிக்காத முகத்தை நம்பித்தான் நாங்கள் கெட்டோம்.

அக்காவின் கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியில் கழிந்தன. நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்தது. பேசுவதற்கே கஷ்டப்பட்டார். ஒரு பகலில் என் கையைப் பிடித்து, வீட்டுப் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"வாசிச்சுப் பாத்தியா?"

 இரண்டு நாளில் போய்விட்டார். அந்த வீட்டு வாசலில்தான் அவரைக் கிடத்தினோம். பெரியண்ணன் பந்தல் போட்டார், உட்காரக் கதிரை கொண்டுவந்தார், எல்லோரையும்விட அதிகமாக அழுதார், பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நீங்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டேன். இந்த மலரின் செலவைக்கூட அவரே ஏற்பதாகச் சொன்னார். பின்னட்டையில் அவர் படம் போட வேண்டுமாம். அன்றைக்குத்தான் நான் வக்கீலிடம் போனேன்.

குத்தகை அடுத்த மாதத்தோடு முடிகிறது. அக்காவின் மகள், என் மருமகள், இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். பணம் கொடுத்த ரசீதுகளை அவள் அம்மா அரிசி டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்ததைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். வக்கீல் கடிதம் போன பிறகு பெரியண்ணனுக்கு ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை. திதியன்று வந்து மருமகள் பேரில் உறுதி எழுதிக் கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அவர் சொல்லை முன்பும் கேட்டிருக்கிறோம். வராவிட்டால் மறுநாள் வழக்குப் பதிவாகும், தாள்கள் தயாராக இருக்கின்றன. என் மருமகள் கல்யாணத்துக்கு ஆள் குறைந்தால் குறையட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். உண்மையைச் சொன்ன அந்தப் பிரதேச சபைப் பெண்மணிக்கு நன்றி. ஆஸ்பத்திரியில் இரவு பகலாகக் கூட இருந்த பழைய லயத்துப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி. பணம் வாங்காமல் காகிதம் பார்த்த வக்கீலுக்கு நன்றி. அனுசரித்துப் போகச் சொன்னவர்களுக்கு, நீங்கள் குடித்த டீக்கு அக்கா நன்றி எதிர்பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திதிக்கு எல்லோரும் வாருங்கள். கோயிலில் சாட்சியாக நின்ற பெரியவர்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும், முன்வரிசையில் உங்களுக்குக் கதிரை போட்டிருக்கிறேன். அக்காவின் படத்துக்கு விளக்கு வைப்போம். காகிதத்துக்குச் சூடம் காட்ட மாட்டோம். நாங்கள் கூட்டி வரும் நொத்தாரிசு மேசையில் உறுதியை வைப்பார். அதை முழுதாக வாசித்து முடிக்கும் வரை யாருக்கும் இலை போடப்பட மாட்டாது. பசிக்கிறது என்று யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், நேரம் ஆகும். அக்கா, இந்தத் தடவை ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன்.

தம்பி